பெயர் சொல்லாத அமிலம்

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு என்றால் நம் திருச்சுழிப் பக்கம் படித்த எல்லோருக்கும் பியூரெட், பிப்பெட், கூம்புக் குடுவை, இரண்டு சொட்டு பினாப்தலீன்தான் ஞாபகம் வரும். 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன் பி.யூ.சி. படித்தவர்களுக்கும் இதே கதைதான்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. ஆக்சாலிக் அமிலம் என்று பெயரைச் சொல்லிவிட்டு, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும் கேட்கிறோம். வரவேண்டிய விடை முன்கூட்டியே கசிந்துவிட்டதாக எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! விடை தெரிந்த பிள்ளை பியூரெட்டைப் பார்த்தா எழுதும்? விடைக்கு ஏற்றபடி அளவைத் திருத்தி எழுதும். அறிவியல் பாடத்தின் பெயரால் பொய்க்கணக்குப் பழக்குகிறோம்.

அதற்குப் பதில், பெயர் ஒட்டாத வெள்ளைத் தூள் ஒன்றைக் கொடுத்து, இதன் மூலக்கூறு எடை என்ன என்று கேட்கலாம். 1.5 கிராம் தூளை எடைபோட்டுக் கரைத்து 200 மி.லி. ஆக்குகிறோம். அதில் 20 மி.லி. எடுத்தால் 0.15 கிராம் இருக்கும். அதற்கு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி. செலவானால், 0.15-ஐ 0.002-ஆல் வகுக்க வேண்டும். சமான எடை 75. அந்த அமிலம் இரண்டு ஹைட்ரஜனை விட்டுக்கொடுப்பது என்றால் மூலக்கூறு எடை 150. அது டார்டாரிக் அமிலம், நம் வீட்டுப் புளியில் இருக்கும் அதே புளிப்பு.

இதில் யோசிக்கவும் இடம் இருக்கிறது. படிக ஆக்சாலிக் அமிலத்தின் சமான எடை 63. நீரற்ற சிட்ரிக் அமிலத்துக்கு 64. பியூரெட்டை மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது இரண்டு ஹைட்ரஜன் தருவதால் 126, அடுத்தது மூன்று தருவதால் 192. காரத்துவம் தெரியாமல் மூலக்கூறு எடை சொல்ல முடியாது. ஓர் அளவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பிள்ளை இங்கேதான் கற்றுக்கொள்கிறது.

கிராமத்துப் பள்ளிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்பார்கள். சிட்ரிக்கும் டார்டாரிக்கும் விலை உயர்ந்த சரக்கு அல்ல. ஒரு நல்ல தராசும் வடிநீரும் கட்டாயம் வேண்டும். நம் ஊர் உப்புத் தண்ணீரில் கரைத்தால், அதில் உள்ள பைகார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து கணக்கைக் கோணலாக்கிவிடும். ஏன் கோணலாகிறது என்று கேட்பதும் ஒரு பாடம்தான்.

மதிப்பெண் குறையுமே என்ற பயமும் நியாயம்தான். அதனால் விடைக்குப் பாதியும், ஒன்றோடொன்று ஒத்துவரும் மூன்று அளவுகளை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியதற்குப் பாதியும் கொடுங்கள். மானம் பார்த்த பூமியில் வளரும் பிள்ளைகள், தன் கண் பார்த்ததைத் தைரியமாக எழுதப் பழகட்டும். நாளைக்கு மண் பரிசோதனைக் கூடத்திலோ ஆஸ்பத்திரி லேபிலோ அவர்கள் எழுதும் எண்ணை நம்பித்தான் நாம் உரம் போடுவோம், மருந்து சாப்பிடுவோம்.