தண்ணீர் மணி அடிக்கிறது, நாங்கள் குடிப்பதில்லை



இந்த மாதச் சுவர் இதழுக்கு ‘மரம் வளர்ப்போம்’ என்று எழுதித் தருவதாகத்தான் தமிழம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அது போன மாதமும் வந்துவிட்டது, அதற்கு முந்தின மாதமும் வந்துவிட்டது. அதனால் இதுவரை யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். சிரிக்கிறவங்க சிரிக்கலாம். ஆனா முழுசா படிச்சிட்டுச் சிரிங்க.

2019-ஆம் ஆண்டு கேரளாவில் மாணவர்கள் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளிகளில் தனியாக மணி அடிக்க ஆரம்பித்தார்கள். 2025-ல் நம் தமிழ்நாட்டிலும் வந்தது. நம்ம பள்ளியிலும் அடிக்கிறது. மணி அடித்ததும் எல்லோரும் பாட்டிலைத் தூக்குகிறோம். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண்கள் வரிசையில் பத்துப் பேர் பாட்டிலைத் தூக்கினால் எட்டுப் பேர் உதட்டை மட்டும் நனைத்துவிட்டு மூடிவிடுகிறோம். சாயங்காலம் மிச்சத் தண்ணியை வேப்பமரத்துக்கு ஊத்திட்டு வீட்டுக்குப் போறோம். நம்ம வேப்பமரம் இவ்வளவு செழிப்பா இருக்கே, அதுக்குக் காரணம் தேசிய பசுமைப் படை இல்லை, நாங்கதான்!

ஏன் குடிப்பதில்லை? குடித்தால் போகணும். போகணும் என்றால் வகுப்பில் எழுந்து நின்று கேட்கணும். கேட்டால் பின் பெஞ்சில் ‘க்ளுக்’ என்று ஒரு சிரிப்பு. அங்கே போனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்கணும். ஒருத்திக்குத் துணையாக இன்னொருத்தியும் போனால், “ஒன்னுக்குப் போக ரெண்டு பேரா?” என்று கேள்வி. அந்த மூன்று நாட்களில் படும் பாட்டை நான் இங்கே எழுதவில்லை, எழுதினால் இந்தத் தாளை ஒட்ட மாட்டார்களோ என்று பயம்.

ஆனால் முழுத் தப்பையும் தாழ்ப்பாள் மேல் போட்டால் அது நியாயம் இல்லை. எங்கள் வீட்டில் நல்ல கழிப்பறை இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. அங்கேயும் லீவு நாளில் நான் பாதி நாள் தண்ணீர் குடிக்காமல்தான் இருந்தேன். இது பழக்கம். இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது எங்கள் அப்பத்தா ஞாபகம்தான் வந்தது.

அப்பத்தா காலத்தில் ஊரில் யார் வீட்டிலும் கழிப்பறை கிடையாது. பொம்பளைகள் எல்லோரும் விடியுமுன்னே இருட்டோடு கருவேலங்காட்டுப் பக்கம் போய்வருவார்கள். அப்புறம் பொழுது சாய்ந்துதான். நடுவில் பகல் முழுக்க களை எடுப்பு, நாற்று நடவு. வெயிலில் நின்றாலும் தண்ணீரை அளந்துதான் குடிப்பார்கள். “பொம்பளப் புள்ளன்னா அடக்கிக்கிட்டு இருக்கப் பழகணும் தாயி” என்று அப்பத்தா எனக்குச் சொன்னது திமிரில் இல்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அப்பத்தாவிடம் அம்மா கற்றுக்கொண்டார்கள், அம்மாவிடம் நான் கற்றுக்கொண்டேன். வீட்டுக்குக் கழிப்பறை வந்து பல வருசம் ஆச்சு. பழக்கம் மட்டும் இன்னும் கருவேலங்காட்டிலேயே நிற்கிறது.

போன கோடையில் எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. அப்பத்தா சூடு என்று சொல்லி, கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவினார்கள், மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தார்கள். நுங்கும் வாங்கிக் கொடுத்தார்கள் (அது மட்டும் நல்லா இருந்துச்சு). மூன்றாம் நாள் குளிர்க் காய்ச்சல், முதுகுக்குக் கீழே வலி. ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்துவிட்டு, சிறுநீரில் கிருமித் தொற்று என்றார்கள். டாக்டரம்மா, “ஸ்கூல்ல எவ்வளவு தண்ணி குடிப்பே?” என்று கேட்டார்கள். “ரெண்டு பாட்டில்” என்று பொய் சொன்னேன். அவர்கள் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, “நீங்க எவ்வளவு குடிப்பீங்க?” என்றார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

டாக்டரம்மா சொன்னது இதுதான். ஆண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 20 செ.மீ. நீளம். பெண்களுக்கு 4 செ.மீ. தான். அதனால் கிருமி எங்களுக்குச் சீக்கிரம் உள்ளே ஏறிவிடும். அடிக்கடி வெளியேறும் சிறுநீர்தான் அதைக் கழுவித் தள்ளுகிறது. குடிக்காமலும் போகாமலும் அடக்கி வைத்தால் கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. அப்படியே விட்டால் சிறுநீரகம் வரைக்கும் போகும்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் கழிவு நீக்க மண்டலம் படிக்கிறோம். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, ஒன்று அல்லது இரண்டு லிட்டரைத்தான் வெளியே அனுப்புகின்றன. இதைப் படம் வரைந்து, பாகம் குறித்து, ஐந்து மார்க் வாங்கினேன். வாங்கிய அன்றைக்கும் சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை! படித்தது தாளில் இருந்தது, உடம்பு பெஞ்சில் இருந்தது, இரண்டும் சந்திக்கவே இல்லை.

காய்ச்சல் விட்டதும் வீட்டில் சும்மா இருந்தபோது எங்கள் வெள்ளாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேய்ந்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போகும். தண்ணி கலங்கிக் கிடந்தால் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நல்ல தண்ணி ஊத்தினால் வயிறு நிறையக் குடிக்கும். படுத்து எழுந்ததும் முதல் வேலையாக ஒன்னுக்குப் போகும், யாரிடமும் ஒற்றை விரலைக் காட்டுவதில்லை. கொல்லையில் இருக்கும் பூசணிக் கொடி மத்தியான வெயிலில் இலையைத் தொங்கப் போட்டுவிடும். எனக்குத் தண்ணி போதலை என்று ஊருக்கே தெரிகிற மாதிரி சொல்கிறது. அதற்கு வெட்கமே இல்லை. பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். நமக்கும் அப்படித்தான் தொண்டை வறளுது, தலை வலிக்குது, கடைசி பீரியடில் கண் சொருகுது. நாம அதை ‘கணக்குப் பாடம்’ என்று நினைத்துக்கொள்கிறோம்.

எங்க வகுப்புப் பையன் ஒருத்தன், “ஒட்டகம் மாதிரி சேர்த்து வச்சுக்கோங்களேன்” என்றான். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் இல்லை. அதுகூட கிடைக்கும்போது ஒரே மூச்சில் 100 லிட்டர் வரைக்கும் குடிக்கும் தம்பி!

இப்போது நான் குடிக்கிறேன். முதல் வாரம் ரொம்பக் கஷ்டம். எனக்குத் தாகமே எடுக்கவில்லை, தாகம் என்றால் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. குடித்தால் அரை மணிக்கு ஒரு தரம் ஓட வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம்தான் உடம்பு ஒரு ஒழுங்குக்கு வந்தது. இப்போ பதினோரு மணி ஆனால் மணி அடிக்குமுன்னே நாக்கு கேட்கிறது. சரியாகக் குடிக்கிறோமா என்று பார்க்க அளவு டம்ளர் வேண்டாம், நிறத்தைப் பார்த்தால் போதும் என்றார்கள் டாக்டரம்மா. வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர்த்தியான மஞ்சள் என்றால் உடம்பு தண்ணி கேட்கிறது என்று அர்த்தம்.

அம்மாவும் வேலைக்கு ஒரு பாட்டில் எடுத்துப் போகிறார்கள். அப்பத்தாதான் மாறவில்லை. “இத்தன வயசுக்கப்புறம் என்னத்தப் பழகுறது” என்று இருட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களிடம் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புத் தங்கச்சிகள் இப்போதே உதட்டை நனைத்து மூடுவதைப் பார்த்தால் கோபம் வருகிறது. அவர்கள் அதை எங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடம் நடக்கும்போது ஒருத்தி எழுந்து நின்றால் காரணம் கேட்காமல் தலையை மட்டும் அசைத்தால் போதும், போய்வந்துவிடுவோம். துணைக்கு ஒருத்தியை அனுப்புங்கள், தாழ்ப்பாள் போடும் வரைக்கும். தாழ்ப்பாள் விசயமாக அப்பாவிடம் பேசிவிட்டேன். அவர் கொத்தனார், தாழ்ப்பாளும் திருகாணியும் அவரே கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வேலை இல்லாத நாள் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்குப் பள்ளி கேட்டுச் சாவியை யாரிடம் வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி