ஊர்க்காரர் ஏறும் வண்டியில் ஏறுங்கள்!

தீபாவளி முடிந்த கையோடு சிவகாசியின் பட்டாசு ஆலைகள் பலவும் சில வாரங்கள் பூட்டிக் கிடக்கும். வருஷம் முழுக்க உழைத்தவர்களுக்குக் கிடைக்கும் நீண்ட விடுமுறை அதுதான். திருச்செந்தூர், குற்றாலம் என்று போய் வருவார்கள். இப்போதோ வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் வேறொன்றைக் காட்டுகிறார்கள்: பனிக்கு மேலே பச்சை ஒளி நெளியும் ஆர்க்டிக் வானம். சுற்றுலா நிறுவனங்கள் சொல்லும் லட்சங்களைக் கேட்டதும் பெற்றோர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

ஆனால், அந்தப் பனியிலும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அவர்கள் லட்சம் கொடுத்துப் போவதில்லை. அவர்கள் ஏறும் வண்டியில் நாமும் ஏறுவதுதான் சிக்கன வழி.

நார்வேயில் பெர்கன் முதல் கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டு, கடலோரக் கப்பல் 1893 முதல் ஓடுகிறது. முழுப் பயணம் என்றால் செலவு எகிறும். அறை எடுக்காமல், ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு மட்டும் டிக்கெட் வாங்கினால் வெகுவாகக் குறையும். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோமிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால், மறுநாள் ஆர்க்டிக் வட்டம் தாண்டி அபிஸ்கோ கிராமத்தில் இறங்கலாம். கிரீன்லாந்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையே சாலையே கிடையாது. மேற்குக் கரை ஊர்களைப் பயணிகள் கப்பல் இணைக்கிறது.

இந்த வண்டிகள் வேடிக்கைக்கு விட்டவை அல்ல. கனடாவின் வடக்கே சர்ச்சில் என்ற சிற்றூருக்குச் சாலை இல்லை; வின்னிபெக்கிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் போகலாம். 2017-ல் வெள்ளம் தண்டவாளத்தை அரித்தபோது சுமார் ஒன்றரை வருஷம் ரயில் நின்றது. மளிகைகூட விமானத்தில் வந்தது, விலை ஏறியது. நமக்குச் சிக்கனமான டிக்கெட், அவர்களுக்கு உயிர்நாடி. அதனால் அந்த ஊர்க் கடையில் வாங்குங்கள், அந்த ஊர் வீட்டில் தங்குங்கள்.

விமானச் செலவும் விசாவும் கட்டுப்படியாகாது என்பவர்கள், இமாசலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கை யோசிக்கலாம். பச்சை ஒளி இருக்காது. பனியும், குளிரோடு வாழும் மனிதர்களும் உண்டு. லே போகும் அரசுப் பேருந்து கோடையில் மட்டுமே ஓடும். தீபாவளி விடுமுறைக்கு உதவாது. ஸ்பிதிக்குக் கின்னோர் வழிச் சாலை, பனி வழிவிடும்வரை திறந்திருக்கும்.

விருதுநகர் வழியாகச் செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் டெல்லி, இரண்டு ராத்திரி. அங்கிருந்து கல்கா, பிறகு 96 கிலோமீட்டர் மலை ரயிலில் சிம்லா. சிம்லாவிலிருந்து ரெக்காங் பியோ, அங்கிருந்து காசா, இரண்டுக்கும் அரசுப் பேருந்து உண்டு. ரயிலுக்கு 60 நாட்கள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். பனியால் சாலை அடைபடலாம்; கையில் இரண்டு மூன்று நாள் உபரியாக வைத்திருங்கள்.

காசா 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ரெக்காங் பியோவில் ஓரிரு ராத்திரி தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏறுவது நல்லது. மருந்துத் தூளில் வேலை செய்து மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். ஆசையைவிட மூச்சு பெரிது.

இன்னொன்று: சிவகாசிக்காரர் என்றதும் போகிற இடமெல்லாம் பட்டாசு கேட்பார்கள். ரயிலில் கொண்டுபோவது குற்றம். மூன்று வருஷம் வரை சிறைகூடக் கிடைக்கலாம். அதற்குப் பதிலாக அடுத்த வருஷக் காலண்டர் இரண்டைச் சுருட்டி எடுத்துப் போங்கள். பனியில் அடைந்து கிடக்கும் வீட்டில், நாள் எண்ண அது சுவரில் தொங்கும். தேதி கிழிக்கும்போதெல்லாம் நம் ஊர் ஞாபகம் வரும்.