நர்சரி கொப்பியில் எழுதுவது யாருக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. குண்டசாலை, திகன, பலகொல்லப் பக்கம் நர்சரிக்குப் பிள்ளை அனுப்பும் உம்மா வாப்பாமார் பொறுமையாக வாசியுங்கள். நர்சரி நடத்துவோர் கட்டாயம் வாசியுங்கள்.

நான் தரம் ஒன்றுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. என் வகுப்பில் ஒரு மகன், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. உம்மாவை வரச்சொன்னேன். அவனுடைய பழைய நர்சரி கொப்பியையும் கொண்டுவந்தார். அதில் ஒரு வருடத்துக்கு முன்பே அந்த டீச்சர் எழுதியிருக்கிறார்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை, காதைக் காட்டிப் பாருங்கள் என்று. இங்கிலீஷில். பக்கத்தில் ஒரு ஸ்டார் ஸ்டிக்கர். கீழே உம்மாவின் கையொப்பம்.

"ஸ்டார் ஒட்டியிருந்திச்சி. நல்லதுதான் எழுதியிருக்காங்க எண்டு சைன் வெச்சேன் டீச்சர்."

காதுக்குள் நீர் கட்டியிருந்ததாம். இப்போது வைத்தியம் நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பேச்சும் எழுத்தும் பிடிபட வேண்டிய ஒரு வருடம் போய்விட்டது. அதை யார் திருப்பிக் கொடுப்பது?

அந்த டீச்சரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கவனித்தார், எழுதினார். சொற்பச் சம்பளத்துக்கு இருபது முப்பது பிள்ளைகளைப் பார்க்கிறவர். இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்பது நிர்வாகத்தின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போடவைத்தது யார்? நாம்தான். இங்கிலீஷ் கொப்பி என்றால் தரமான நர்சரி என்று நினைத்து, கூடுதல் காசும் கட்டிச் சேர்க்கிறோம். பிள்ளை இங்கிலீஷ் படிக்கட்டும், நல்லது. ஆனால் கொப்பியில் எழுதும் குறிப்பு பிள்ளைக்கான பாடமல்ல. அது பெற்றோருக்கான செய்தி.

நம் கிளினிக் கொப்பியைப் பாருங்கள். பார்வை, கேள்வி, வளர்ச்சி எல்லாவற்றையும் தாய் வாசித்துப் புரிந்து கவனிப்பதற்காகவே அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுகிறார்கள். அதை நாம் காணி உறுதி மாதிரிப் பாதுகாக்கிறோம். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரசாங்கமே நம் மொழியில் எழுத வேண்டும் என்று கேட்கிற நாம், நம் தெரு முனை நர்சரியிடம் கேட்க ஏன் வெட்கப்படுகிறோம்?

எந்த ரசூலையும் அவருடைய சமூகத்தின் மொழியிலேயே அனுப்பியதாக சூரா இப்ராஹீமின் 4ஆவது வசனம் சொல்கிறது. மக்களுக்குத் தெளிவாக விளங்க வேண்டும் என்பதே காரணம். குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா அல்பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்கிறது. காசுக்கே அவ்வளவு என்றால், அமானிதமான பிள்ளைக்கு?

இன்னொரு வியாதி, வட்ஸ்அப் குரூப். "இன்னாருடைய மகன் இன்றும் கடித்தான்" என்று எல்லோர் முன்னாலும் போடுவது அறிவித்தல் அல்ல, அவமானம். காசு கேட்கவும் கலர்ஸ் நைட்டுக்கு உடுப்புச் சொல்லவும் குரூப் போதும். ஒரு பிள்ளையைப் பற்றியது அந்த வீட்டுக்கு மட்டும் போகட்டும்.

நான் கேட்பது நாலே விசயம்.

1. சேர்க்கும்போதே கேளுங்கள்: வீட்டில் யார் வாசிப்பார்கள், எந்த மொழியில்? தமிழோ சிங்களமோ, அதில் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு கேட்டில் வைத்து வாயாலும் சொல்லுங்கள்.

2. தீர்ப்பு எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். "குழப்படி" என்றால் உம்மா அடிப்பார். "மூன்று நாளாகக் கூப்பிட்டால் திரும்பவில்லை" என்றால் டொக்டரிடம் போவார்.

3. குறை வந்தால் மட்டும் கொப்பியைத் திறக்காதீர்கள். இன்று பகிர்ந்து சாப்பிட்டான் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

4. பெற்றோர் பதில் எழுத இடம் விடுங்கள். பெற்றோரே, விளங்காததற்குக் கையொப்பம் வைக்காதீர்கள். "எனக்கு விளங்கவில்லை" என்று எழுதுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

இன்றைக்கே பிள்ளையின் பையைத் திறந்து, நீங்கள் கடைசியாகக் கையொப்பம் வைத்த பக்கத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.