'ஜிமெயில் பற்றி என்ன நினைக்கிறீங்க?' - சுந்தர் பிச்சை திணறிய கேள்வி... ப்ராடக்ட் மேனேஜர் இன்டர்வியூவில் எதைப் பார்க்கிறார்கள்?

2004 ஏப்ரல் 1. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, கூகுளில் ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போயிருந்தார். ஜிமெயில் அறிமுகமானதும் அதே நாளில்தான். ஒரு ஜிபி இடம் இலவசம் என்ற அறிவிப்பை ஏப்ரல் ஃபூல் விளையாட்டு என்றே பலரும் நினைத்தார்கள். பிச்சையும் அப்படித்தான் நினைத்தார்.

இன்டர்வியூ எடுத்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர், ஜிமெயில் பற்றி என்ன நினைக்கிறீங்க என்று கேட்டார்கள். அழைப்பு வந்தவர்கள் மட்டுமே பயன்படுத்த முடிந்த காலம் அது. பிச்சை ஜிமெயிலைப் பார்த்ததே இல்லை. நான்காவதாக வந்தவர், அதைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றதும் திறந்து காட்டினார். ஐந்தாவது நபர் கேட்டபோது பிச்சையால் பதில் சொல்ல முடிந்தது. 2017 ஜனவரியில் ஐஐடி காரக்பூர் மாணவர்களிடம் அவரே சொன்ன கதை இது.

20 வருஷம் தாண்டியும் இந்த இன்டர்வியூ பலருக்குப் புதிராகவே இருக்கிறது. "நல்லாத்தான் பேசினேன், ஏன் எடுக்கலைன்னே தெரியல" என்பது தேர்வர்களிடம் அடிக்கடி கேட்கும் குரல். உள்ளே என்னதான் நடக்கிறது? ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்து ஒருவர் விண்ணப்பித்தால் அவருக்கு என்ன வாய்ப்பு? பார்ப்போம்.

ப்ராடக்ட் மேனேஜர் என்றால் யார்?

கோடு எழுதுவது இன்ஜினியர், திரையை வடிவமைப்பது டிசைனர், விற்பது சேல்ஸ். எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது, எதை இப்போதைக்குத் தள்ளி வைப்பது என்று முடிவெடுப்பவர்தான் ப்ராடக்ட் மேனேஜர். பெயரில் மேனேஜர் இருந்தாலும், பல நிறுவனங்களில் அவருக்குக் கீழே ஆட்கள் இருக்க மாட்டார்கள். எல்லாரையும் பேசித்தான் சம்மதிக்க வைக்க வேண்டும்.

இந்த வேலைக்கு விதை போட்டது ஒரு சோப்புக் கம்பெனி. 1931-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனியாக ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று எழுதிய குறிப்பில் இருந்துதான் இந்த யோசனை வளர்ந்தது.

என்னென்ன கேட்பார்கள்?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனாலும் பெரும்பாலும் நான்கு வகைக் கேள்விகள் வரும். நம்ம ஊர் பால்கோவாவையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது.

*வடிவமைப்பு:* "பால்கோவா கடைக்கு ஒரு ஆப் டிசைன் பண்ணுங்க." கேட்டதும் லாகின் பக்கம், பேமென்ட், டெலிவரி டிராக்கிங் என்று அடுக்கத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. முதலில் யாருக்காக என்று கேட்க வேண்டும். பஸ் நிற்கும் ஐந்து நிமிஷத்தில் கால் கிலோ வாங்கி ஓடுபவருக்கா? ஆண்டாள் கோயிலுக்கு வந்துவிட்டுப் பத்து வீட்டுக்கு வாங்கிப் போகும் குடும்பத்துக்கா? சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்ப நினைக்கும் அம்மாவுக்கா? மூன்று பேருக்கும் பிரச்னை வேறு. அம்மாவின் கவலை, போய்ச் சேரும்போது பால்கோவா கெட்டுப் போயிருக்குமோ என்பது. அவருக்குத் தேவை அழகான ஆப் இல்லை. என்றைக்குக் கிண்டியது, எத்தனை நாளில் போய்ச் சேரும் என்ற தகவல்.

*கணிப்பு:* "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு நாளைக்கு எவ்வளவு பால்கோவா விற்கும்?" சரியான எண் யாருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை. 100 கடை, கடைக்கு 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் 2,000 கிலோ. அதோடு நிறுத்தக் கூடாது. 10 லிட்டர் பாலில் 3 கிலோ பால்கோவா கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டால், தினமும் சுமார் 6,700 லிட்டர் பால் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு பால் வருமா? சந்தேகம் வந்தால் திரும்பிப் போய் அனுமானத்தை மாற்ற வேண்டும். அப்படி மாற்றுகிறாரா என்பதைத்தான் கவனிக்கிறார்கள்.

*அளவீடு:* "தீபாவளி வாரத்துல ஆர்டர் திடீர்னு 20% குறைஞ்சிருச்சு. என்ன பண்ணுவீங்க?" உடனே தள்ளுபடி கொடுப்பேன் என்றால் அடுத்த கேள்வி கடினமாகும். எல்லா ஊரிலும் குறைந்ததா, ஒரே ஊரிலா? பணம் கட்டும் இடத்தில் நின்றுபோகிறதா? கூரியர் அந்த வாரம் எடுக்கவில்லையா? பிரித்துப் பார்ப்பவருக்கே மதிப்பெண்.

*அனுபவம்:* "டீமுக்குள்ள சண்டை வந்தப்ப என்ன செஞ்சீங்க?" அமேசானில் இந்த வகைக்கு எடை அதிகம். நிறுவனத்தின் 16 தலைமைக் கொள்கைகளை ஒட்டித்தான் கேள்விகள் வரும். வேறு டீமில் இருந்து 'பார் ரைசர்' என்று ஒருவர் வருவார். அவர் சம்மதிக்காமல் ஆள் எடுப்பது கடினம்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் சறுக்கும் இடம் இதுதான். தன்னைப் பற்றித் தானே பெருமையாகப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள், எல்லாவற்றுக்கும் "நாங்க செஞ்சோம்" என்பார்கள். "அதுல நீங்க செஞ்சது என்ன?" என்று திருப்பிக் கேட்டதும் வாயடைத்துப் போகிறார்கள். வேலை செய்யாமல் இல்லை, சொல்லிப் பழகவில்லை.

இந்த முறை நியாயமானதா?

கூகுளே ஒரு காலத்தில் இதில் தடுமாறியது. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் போன்ற புதிர்கள் வெறும் நேர விரயம் என்று, கூகுளின் அப்போதைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் 2013-ல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் ஒப்புக்கொண்டார். ஆயிரக்கணக்கான இன்டர்வியூக்களை ஆராய்ந்ததில், இன்டர்வியூ எடுத்தவர் போட்ட மதிப்பெண்ணுக்கும் தேர்வானவர் பிறகு வேலை செய்த விதத்துக்கும் தொடர்பே தெரியவில்லை என்றும் சொன்னார்.

அதன் பிறகே எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கேள்வி, ஒரே அளவுகோல் என்ற முறைக்கு அழுத்தம் கூடியது. நான்கு இன்டர்வியூ போதும், அதற்கு மேல் பெரிதாகப் பலன் இல்லை என்றும் கூகுள் கண்டறிந்தது. ஆனாலும் பல நிறுவனங்களில் ஐந்து, ஆறு ரவுண்டு தொடர்கிறது. வாரக்கணக்கில் காத்திருந்தவருக்கு ஒரு வரி மெயில்தான் வரும், காரணம் வராது. சிலருக்கு அந்த மெயிலும் வருவதில்லை.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. ஏஐ உதவியோடு ஆன்லைன் இன்டர்வியூவில் பதில் சொல்வது பெருகியதால், குறைந்தது ஒரு ரவுண்டாவது நேரில் நடத்தப் போவதாக 2025 ஜூனில் ஒரு பாட்காஸ்டில் பிச்சை சொன்னார். ஏமாற்றுவதைத் தடுக்க இது உதவலாம். ஆனால் பெங்களூருவில் இருப்பவருக்கு அரை நாள் வேலை. ராஜபாளையத்தில் இருப்பவருக்கு ஒரு இரவுப் பயணம், ஒரு நாள் லீவு, போக வரச் செலவு.

சிறு நகரத்தில் இருப்பவருக்கு என்ன வழி?

கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம் பகுதியில் பொறியியல் படிப்புக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் பொதுவாக நம் கல்லூரிகளில் இன்டர்வியூ தயாரிப்பு என்றால் ஆப்டிட்யூட், கோடிங் என்றுதான் இருக்கிறது. ஒரு கேள்வியை எடுத்து முக்கால் மணி நேரம் சத்தமாக யோசிக்க, எதிரே உட்கார்ந்து மடக்கிக் கேட்க ஆள் கிடைப்பதில்லை. பெருநகரத்தில் இருப்பவருக்குச் சீனியர்களும் நண்பர்களும் இலவசமாகச் செய்து கொடுப்பது இது.

இன்டர்வியூ மட்டுமே வாசல் இல்லை என்பதும் உண்மை. திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம், ஜோஹோவில் ப்ரீசேல்ஸ் இன்ஜினியராகச் சேர்ந்து, உள்ளேயே ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் நகர்ந்தவர். 2010-ல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ். வாடிக்கையாளரிடம் தினமும் பேசும் வேலையில் இருந்து இந்தப் பக்கம் வருவது இன்றும் நல்ல பாதை. பக்கத்துத் தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் ஜோஹோவுக்கு அலுவலகம் இருக்கிறது. 2005-ல் இருந்து பட்டம் இல்லாதவர்களையும் அது பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறது.

தயாராகிறவர்கள் கவனிக்க:

- கேள்வி புரியவில்லை என்றால், பயன்படுத்தாத ஆப் என்றால், அதைச் சொல்லிவிடுங்கள். பிச்சைக்கு அது பாதகமாகவில்லை.
- செய்த வேலைகளில் ஐந்தாறு சம்பவங்களை 'நான்' என்று தொடங்கி எழுதி வையுங்கள். என்ன சூழ்நிலை, என்ன செய்தீர்கள், என்ன நடந்தது என்ற வரிசை போதும்.
- இரண்டு பேர் சேர்ந்து வாரம் இரண்டு முறை மாற்றி மாற்றிக் கேள்வி கேளுங்கள். முதலில் தமிழில் யோசித்துப் பேசுங்கள், பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள்.
- மனப்பாட ஃபார்முலாக்களை நம்ப வேண்டாம். சத்திரப்பட்டி பேண்டேஜ் தறி முதலாளி எந்த ஆப்பில் கணக்கு எழுதுகிறார், எந்த இடத்தில் அதை விட்டுவிட்டு நோட்டுக்குத் திரும்புகிறார் என்று உட்கார்ந்து பாருங்கள். பெரிய கம்பெனிகள் காசு கொடுத்துச் செய்யும் ஆய்வு அது.
- வேலை கிடைக்கவில்லை என்றால், உங்களுக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் சில மாத இடைவெளிக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம். அன்றைக்கே கேள்விகளை எழுதி வைத்தால் அடுத்த முறைக்குக் கை கொடுக்கும்.