விந்தணுச் சேமிப்பு: பாதுகாக்க வேண்டியவை இரண்டு



புற்றுநோய்க்கான மருந்தும் கதிர்வீச்சும் ஆணின் விந்தணு உற்பத்தியைக் குறைக்கக்கூடும். சிலருக்கு அது நிரந்தரமாகவே நின்றுவிடும். ஆகவே, சிகிச்சை தொடங்குமுன் விந்தணுவை உறையவைத்துச் சேமிக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். நம் குடும்பங்களிலோ வெட்கத்தால் இப்பேச்சே எழுவதில்லை. சிகிச்சை தொடங்கியபின் வருந்துவதால் பயனில்லை. மார்க்கத்தைக் கேட்டறிய வெட்கம் தடையாகக்கூடாது என்பதற்கு அன்சாரிப் பெண்மணிகளே நமக்கு முன்மாதிரி.

உறைந்த விந்தணுவைக் கொண்டு முதல் கருத்தரிப்புகள் அறிவிக்கப்பட்டது 1953இல், அமெரிக்காவில். இன்று மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில், திரவ நைட்ரஜனில் அதைச் சேமிக்கின்றனர். எனினும், உறைந்து மீளும்போது பல அணுக்கள் நீந்தும் ஆற்றலை இழக்கின்றன. பனிப்படிகங்கள் ஒரு காரணம். ஆக்சிஜனேற்றம் மற்றொரு காரணம். விந்தணுவின் மேலுறையில் எளிதில் கெடும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. தற்காப்பு நொதிகளோ குறைவு. எனவே உறைகரைசலில் வைட்டமின் ஈ, குளூட்டாதயோன், மெலட்டோனின் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைச் சேர்த்து ஆராய்கின்றனர். ஆய்வகத்தில் ஓரளவு பயன் தெரிந்தாலும், அதனால் குழந்தைப்பேறு கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. அளவு மிஞ்சினாலும் கேடுதான். கருவுறச் செய்யும் தகுதியைப் பெற விந்தணுவுக்குச் சிறிதளவு ஆக்சிஜனேற்றம் தேவை. ஒவ்வொன்றையும் ஓர் அளவோடு படைத்த இறைவனின் நியதி இங்கும் தெரிகிறது.

கடைகளில் விற்கும் மாத்திரைகள் வேறு. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குறைபாடுள்ள 170க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்றனர். ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளால் அவர்களின் விந்தணுத் தரம் உயரவில்லை. விளம்பரத்தை நம்பிப் பொருளை வீணாக்குவதும் இஸ்ராஃப்தான்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். சந்ததியைக் காப்பது ஷரீஅத்தின் நோக்கங்களுள் ஒன்று. ஆகவே உறைந்த அணுவைக் காக்கும் இம்முயற்சி ஆகுமானது, வரவேற்கத்தக்கது என்பதே என் கருத்து. ஆனால் அணுவைக் காப்பது ஆய்வகத்தின் வேலை. நஸபைக் காப்பது நம் கடமை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1986இல் அம்மானில் கூடியபோது, கணவனின் விந்தணுவும் மனைவியின் கருமுட்டையும் மனைவியின் கருப்பையும் மட்டுமே அமையும் முறைகளுக்கே இடமளித்தது. மூன்றாமவர் நுழையும் எதையும் ஹராம் என்றது. மரணத்தாலோ தலாக்காலோ திருமண உறவு முடிந்தபின் சேமித்ததைப் பயன்படுத்தக் கூடாது என்பதே சமகால அறிஞர்களில் பெரும்பாலோரின் நிலைப்பாடு.

எனவே சேமிக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: குப்பிகள் மாறாதிருக்க அடையாளமிடும் முறை என்ன? யாருடைய ஒப்புதலின்றி அவற்றை எடுக்க முடியாது? கணவர் இறந்தால் அழிக்கப்படும் என எழுதித் தருவார்களா? திருமணமாகாத இளைஞர் சேமிப்பது பற்றியும், மாதிரி எடுக்கும் முறை பற்றியும் உங்கள் ஊர் ஆலிமிடம் தயங்காமல் கேளுங்கள்.

நோயுற்றோருக்கு வல்ல ரஹ்மான் ஷிஃபாவையும், ஸாலிஹான சந்ததியையும் அருள்வானாக. ஆமீன்.