ஒபதியாவை அடியாள் ஆக்கியவருக்கு

வாஷியில் வாடகை மண்டபத்தில் கூடும் ஒரு தமிழ்ச் சபையின் மாத இதழில் வந்த கட்டுரையை, "அண்ணாச்சி, இதைக் கட்டாயம் படிக்கணும்" என்று ஆளாளுக்கு என் கையில் திணித்தார்கள். படித்தேன். ஒபதியாவின் தீர்க்கதரிசனத்துக்கு நம் காலத்தில் பொருள் கண்டுபிடித்துவிட்டதாகக் கட்டுரையாளர் சொல்கிறார். யாக்கோபு தமிழன், ஏசா சிங்களன். சகோதரனுக்குச் செய்த கொடுமைக்காக ஏசாவின் வம்சமான ஏதோம் விழுந்ததுபோல, 2009 முள்ளிவாய்க்காலுக்காக 2022 ஜூலையில் இலங்கை ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடினார். அதற்கு இரண்டு வாரம் முன்னால் இங்கே மும்பையில் உத்தவ் தாக்கரேயின் நாற்காலியும் போனது. 1966இல் தொடங்கிய கையோடு தென்னிந்தியரை விரட்டப் புறப்பட்ட கட்சிக்கு அது பலன். இரண்டு வாரத்தில் இரண்டு சிங்காசனங்கள்! ஆகவே தமிழர் நீதி கேட்டு அலைய வேண்டாம், ஸ்தோத்திரம் சொல்லிக் காத்திருந்தால் போதும். முதல் வேலையாக ஒரு நன்றி ஆராதனை நடத்துவோம் என்று முடித்திருக்கிறார்.

தேதிகள் சரி. மற்றதைப் பார்ப்போம்.

எளிதானதை முதலில் தள்ளிவிடுகிறேன். உத்தவ் பதவி விலகியது ஜூன் 29. மறுநாள் முதல்வராகப் பதவியேற்றவர் ஏக்நாத் ஷிண்டே. அவரும் சிவசேனாக்காரர்தான், பால் தாக்கரேயின் உண்மையான வாரிசு நானே என்று சொல்லித்தான் கட்சியை உடைத்தார். அறுபதுகளின் கடைசியில் உடுப்பி ஓட்டல்களில் கல் விழுந்ததையும், 'லுங்கி' கோஷத்துக்குப் பயந்து நம் அப்பாமார் பேண்ட் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனதையும் கர்த்தர் கணக்கில் வைத்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பத்தாறு வருஷம் கழித்து அதற்கு அவர் வழங்கிய தீர்ப்பு, ஒரு சேனாவிடமிருந்து எடுத்து இன்னொரு சேனாவிடம் கொடுப்பதுதானா? தானே மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, தானேக்காரர் முதல்வரானதைத் தமிழனுக்குக் கிடைத்த தெய்வ நீதி என்று எழுதத் தனித் துணிச்சல் வேண்டும்.

கோத்தபாய விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியது அல்ல. அதற்கு முன் ஒபதியாவுக்கு வருவோம்.

பழைய ஏற்பாட்டிலேயே சிறிய புத்தகம் அது. ஒரே அதிகாரம், 21 வசனம். பாபிலோன் படை எருசலேமை இடித்தபோது ஏதோம் என்ன செய்தது என்பதைத் தீர்க்கதரிசி குற்றப்பத்திரிகைபோல அடுக்குகிறார். எட்டி நின்று வேடிக்கை பார்த்தது. சகோதரனின் விபத்து நாளில் சந்தோஷப்பட்டது. உள்ளே புகுந்து ஆஸ்தியில் கைபோட்டது. கடைசியாக, வழிச்சந்தியில் நின்று தப்பி ஓடியவர்களை வெட்டியது, மீந்தவர்களைப் பிடித்துக் கொடுத்தது. இந்த வரிசையைக் கட்டுரையாளர் உருக்கமாகவே எழுதியிருக்கிறார். ஆனால் சகோதரனின் வீழ்ச்சியைக் கண்டு மகிழ்வதும் அதே குற்றப்பத்திரிகையில் இருக்கிறதே! அதை ஒரு பக்கத்தில் விளக்கிவிட்டு, பக்கத்தைத் திருப்பினால் நன்றி ஆராதனைக்கு அழைப்பு. ஒபதியா எதைக் குற்றம் என்றாரோ அதற்கே மண்டபம் பிடித்து, மைக் செட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஏசாவைப் பற்றிப் பேச வந்தவர் ஆதியாகமத்தின் பக்கமே போகவில்லை. போனால் யாக்கோபின் கையில் சுற்றிய வெள்ளாட்டுத் தோல் இடறும். கண் தெரியாத தகப்பனை ஏமாற்றி ஆசீர்வாதத்தைத் திருடியவன் யாக்கோபு. கொல்ல வருகிறான் என்று யாக்கோபு நடுங்கிக்கொண்டிருந்தபோது, நானூறு பேரோடு வந்த ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதான். அதோடு முடியவில்லை. தாவீதின் படைத்தலைவன் யோவாப் ஆறு மாதம் ஏதோமிலேயே தங்கி ஆண்மக்களைக் கொன்று தீர்த்தான். யூதாவின் ராஜா அமத்சியாவின் படை, யுத்தத்தில் கொன்ற பத்தாயிரம் பேர் போதாதென்று, உயிரோடு பிடித்த இன்னும் பத்தாயிரம் பேரைக் கன்மலை உச்சியிலிருந்து தள்ளியது. இவ்வளவையும் எழுதி வைத்தவர்கள் ஏதோமியர் அல்லர், யூதர்கள். தங்கள் கையில் இருந்த ரத்தத்தைத் தங்கள் வேதத்திலேயே பதிவு செய்தார்கள். நம் கட்டுரையாளருக்குத் தமிழன் கையில் ஒரு துளியும் தெரியவில்லை.

உபாகமத்தில் மோசேயின் கட்டளையும் இருக்கிறது: ஏதோமியனை வெறுக்காதே, அவன் உன் சகோதரன். அவனுடைய தேசத்தில் ஓர் அடி நிலமும் உனக்குக் கிடையாது, சேயீர் மலையை ஏசாவுக்குக் கொடுத்தவர் கர்த்தர்.

ஆமோஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். முதல் அதிகாரத்தில், சகோதரனைப் பட்டயத்தோடு தொடர்ந்ததற்காக ஏதோமுக்குத் தண்டனை சொல்கிறார். அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் மோவாபுக்குத் தண்டனை. ஏன்? ஏதோம் ராஜாவின் எலும்புகளை மோவாபியர் நீறாகும்படி சுட்டெரித்தார்கள். எந்த ஏதோமைக் கர்த்தர் தண்டிக்கிறாரோ, அந்த ஏதோமின் பிணத்துக்காகவும் அவரே வழக்காடுகிறார்! அதே மூச்சில் யூதாவும் இஸ்ரவேலும் கூண்டில் ஏற்றப்படுகின்றன. 'நம்ம ஆள்' என்று யாரையும் விடாத இந்த நீதியைத்தான் கட்டுரையாளர் ஒரு தரப்பின் அடியாளாக மாற்றியிருக்கிறார்.

போகிற போக்கில் ஒன்று. யூத ரபீக்கள் பிற்காலத்தில் ஏதோம் என்று ரோமாபுரியைச் சொன்னார்கள். ரோம் கிறிஸ்தவமானதும் அந்தப் பெயர் கிறிஸ்தவ உலகத்துக்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் கணக்குப்படி கட்டுரையாளரும் நானும்தான் ஏதோம். யாரை வேண்டுமானாலும் ஏசாவாக்கலாம் என்று ஆரம்பித்தால் இப்படித்தான் முடியும்.

இலங்கைக்கு வருவோம். சிங்களரும் தமிழரும் சகோதர இனங்கள் என்கிறார். மறுக்கவில்லை. மகாவம்சமே விஜயனுக்குப் பெண் எடுக்க மதுரைக்கு ஆள் அனுப்புகிறது. அந்தக் கதையின்படி அண்ணன் தம்பியைவிட மாமன் மச்சான் முறைதான் பொருந்தும். ஆனால் எட்டி நின்று பார்த்தது யார் என்ற கேள்வியை ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கேட்க முடியாது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அந்த ஆண்டே, தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசில் அமைச்சராகச் சேர்ந்தார். அதைப் பொறுக்காமல் கட்சியை விட்டு வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய எஸ்.ஜே.வி. செல்வநாயகம் ஒரு கிறிஸ்தவர். ஒபதியாவின் குற்றப்பட்டியலை அவர் தன் சொந்த வீட்டுக்கும் நீட்டினார். அவர் பெயரைக் கட்டுரையாளர் சொல்லவே இல்லை.

1990 இன்னும் கசப்பானது. ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழ் பேசிய, அடுத்த தெருவில் குடியிருந்த மக்கள். நகையையும் பணத்தையும் சோதனையில் பறிகொடுத்துவிட்டுப் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். வழிச்சந்தியில் நிற்பது, ஆஸ்தியில் கைபோடுவது எல்லாம் இங்கேயும் இருக்கிறது. ஒபதியாவை அன்றைக்குப் புத்தளம் முகாமில் ஒருவர் வாசித்திருந்தால் ஏதோம் என்ற இடத்தில் யாரை நினைத்திருப்பார்? இதைச் சொன்னால் சிங்கள அரசின் குற்றம் சிறிதாகிவிடாது. போரின் கடைசிக் கட்டத்தில் மட்டும் நாற்பதாயிரம் பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது அப்படியேதான் நிற்கிறது.

இனி அந்த 2022. நாடு திவாலானதை ஏப்ரல் 12இல் அறிவித்தார்கள். 2019 இறுதியில் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8ஆகக் குறைத்தது, 2021இல் ரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தது, தலைக்குமேல் ஏறிய வெளிநாட்டுக் கடன், கொரோனாவில் செத்துப்போன சுற்றுலா என்று அதற்குக் காரணங்கள் பச்சையாகக் கிடக்கின்றன. அது தண்டனை என்றால் விழுந்தது யார் தலையில்? மண்ணெண்ணெய் கிடைக்காமல் வடக்கின் மீனவர் படகைக் கரையில் கட்டினார். தோட்டத் தொழிலாளி கோதுமை மாவு வாங்க வழியில்லாமல் நின்றார். 2022 மார்ச்சில் ராமேஸ்வரம் அருகே மணல் திட்டில் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழரும் மன்னார்த் தமிழரும். ஏதோமுக்கு அனுப்பிய அக்கினி விலாசம் மாறி யாக்கோபின் வீட்டுக்குப் போய்விட்டதா?

ஆண்டவரிடமே இந்தக் கேள்வி போயிருக்கிறது. சீலோவாம் கோபுரம் இடிந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். இடிபாட்டைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் பழக்கத்தை லூக்கா 13இல் அவர் அடைத்த கதவு அது. நம்மவர் அதை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறார்.

சரி, கோத்தபாயவுக்கு என்ன ஆனது? ஜூலை 13 மாலத்தீவு. 14 சிங்கப்பூர், பதவி விலகல். பிறகு தாய்லாந்து. செப்டம்பர் 2 மறுபடியும் கொழும்பு, விமான நிலையத்தில் மாலை, அரசு பங்களா, பாதுகாப்பு. ரிட்டர்ன் டிக்கெட்டோடு வந்த தெய்வ தண்டனை! அவருக்குப் பதிலாக ரணில் விக்கிரமசிங்கவை நாடாளுமன்றத்தில் ஜனாதிபதியாக்கியதே ராஜபக்சக்களின் கட்சி ஓட்டுதான். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர்களைப் பொறுப்பாளிகள் என்றது உண்மை. எதற்கு? பொருளாதாரத்தைக் கெடுத்ததற்கு. முள்ளிவாய்க்காலைப் பற்றி அந்தத் தீர்ப்பில் பேச்சே இல்லை.

இந்த இடத்தில்தான் அந்தக் கட்டுரை முட்டாள்தனம் என்ற நிலையைத் தாண்டி அநியாயமாகிறது. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளையின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டே பல பேர் செத்தும்போனார்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: உயிரோடு ஒப்படைத்த பிள்ளை எங்கே? மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசு நியமித்த ஆணைக்குழு முன் உட்கார்ந்து, அரசின் சொந்தப் புள்ளிவிவரத்தைக் கூட்டிக் கழித்து 1,46,679 பேருக்குக் கணக்கு எங்கே என்று கேட்டார். யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகள், 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போனார், திரும்பவில்லை. மீந்தவர்களைப் பிடித்துக் கொடுக்காதே என்று ஒபதியா சொன்ன இடம் எது என்று கேட்டால் நான் வட்டுவாகலைத்தான் காட்டுவேன். அந்த வழக்கு திறந்தே கிடக்கிறது. கர்த்தர் 2022லேயே தீர்ப்பு எழுதிவிட்டார் என்றால் அந்தத் தாய்மார் பந்தலைப் பிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ராஜபக்சக்களின் வக்கீல்கூட இவ்வளவு சாதகமாக வாதாடியிருக்க மாட்டார்: தண்டனை முடிந்தது, கோப்பை மூடுங்கள்!

'அப்படியானால் தெய்வ நீதியே இல்லையா' என்று மறுமொழி வரும், தெரியும். இருக்கிறது என்று நம்புகிறவன்தான் நான். ஒபதியா சொல்லும் நாள் எல்லா ஜாதிகள்மேலும் வருகிற நாள். அது ஜூலை மாதத்து அரசியல் செய்தி அல்ல. அதுவரைக்கும் நாம் என்ன செய்வது என்பதற்கு நம் மும்பையிலேயே ஆள் இருந்தார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் தாராவி எரிந்தபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த இந்துவும் முஸ்லிமும் ஒரே சந்தில் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். கலவரம் ஓய்ந்ததும் பாவு கோர்டே, வக்கார் கான் என்ற இரண்டு பேர் மொஹல்லா கமிட்டி வேலையில் இறங்கி, கூட்டம் போட்டு, போஸ்டர் அச்சடித்து ஒட்டினார்கள். அவர்களைப் பற்றி 'நாதா' என்று ஓர் ஆவணப்படமே இருக்கிறது. எந்த மதத்தான் ஏதோம் என்று அவர்கள் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் சாட்சியைக் கேட்டது, 1998இல் அறிக்கை வந்தது, அதிலிருந்த பெயர்கள்மேல் நடவடிக்கை வேண்டும் என்று இன்றுவரை கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காத்திருந்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

நன்றி ஆராதனைக்கு எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அன்றைக்கு வாசிக்க ஒரு பகுதி தேவைப்பட்டால் நானே தருகிறேன். 2000 டிசம்பரில் மிருசுவிலில், விட்டுப்போன வீட்டைப் பார்க்க வந்த எட்டுத் தமிழரைக் கொன்ற வழக்கில் ராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்நாயக்கவுக்கு 2015இல் மரண தண்டனை விதித்தார்கள். கொல்லப்பட்டவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. 2020 மார்ச்சில் அவருக்குப் பொது மன்னிப்பு கொடுத்து வெளியே விட்டவர் கோத்தபாய. அந்த மன்னிப்பு ஆணையை ஜூலை 2022 ரத்து செய்யவில்லை. அதைச் சத்தமாக வாசிப்போம். எந்த வரிக்குப் பிறகு சபையார் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்பதைக் கட்டுரையாளர் பென்சிலால் குறித்துக் கொடுத்தால் போதும்.