ஆய்வுக்கூடத்தில் விளையாத ஜவ்வரிசி

புதுமை என்பது பெரிய கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிறக்கும். சிறு ஆலைக்காரர் அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டால் போதும். தொழில் மாநாட்டு மேடைகளில் அலுக்காமல் ஒலிக்கும் இந்தப் பேச்சை நம்புகிறவர்கள், சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலைக்குள் போய்ப் பார்க்கலாம்.

1943. உலகப் போரால் வெளிநாட்டு மாவும் ஜவ்வரிசியும் வராமல் நின்றுபோயிருந்தன. மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்த சேலம் மாணிக்கம் செட்டியார், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவுக்கு இருந்த கிராக்கியைக் கண்டுகொண்டார். பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவுக்குச் செய்முறை தெரியும். இயந்திரம்? உள்ளூர் மெக்கானிக் ஒருவர் தட்டிக்கொட்டிச் சீராக்கிக் கொடுத்தார். நாளுக்கு 2 மூட்டையாக இருந்த உற்பத்தி 25 மூட்டையானது. இதில் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் பங்கில்லை.

ஜவ்வரிசி செய்யக் கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, வரும் பாலைச் சலித்துத் தொட்டியில் படியவிட வேண்டும். படிந்த ஈர மாவைத் துணியில் போட்டுக் குலுக்கினால் மணிமணியாக உருளும். ஈரம் கூடினால் கட்டி தட்டும். குறைந்தால் மாவாகவே உதிரும். பதம் குலுக்குகிறவர் கைக்குத்தான் தெரியும். பின்னாளில் குலுக்கும் வேலைக்கு இயந்திரம் வந்தபோது, அதற்குப் பாடம் சொன்னதும் அந்தக் கைதான்.

புதுமை என்றால் இயந்திரம் மட்டுமே என்பது அதே மூடநம்பிக்கையின் இன்னொரு முகம். வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த ஆலைகளுக்கு, 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் கிடங்கு, தரச் சோதனை, ரகசிய டெண்டர் விற்பனை, சரக்கின் பேரில் முன்பணம் என்று ஒரு ஏற்பாட்டையே உருவாக்கித் தந்தது. விலை பயம் தணிந்தவர்தானே புது இயந்திரத்தில் பணம் போடுவார்?

எல்லாம் நல்லதாகவே நடந்துவிடவில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் விலை என்றதும் சில ஆலைகள் ரசாயனத்தைக் கலந்து வெளுத்தன; உணவுப் பாதுகாப்புத் துறை சோதனைக்கு வந்து நின்றது. அதுவும் ஒரு 'புதுமை'தான், வெட்கக்கேடான புதுமை. மறுபுறம், ஊரையே நாறடித்த கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து ஆலைக்குப் பயன்படுத்துகிறவர்களும் இதே சேலம், நாமக்கல் மாவட்டங்களில்தான் இருக்கிறார்கள்.

பல ஆலைகளில் இன்றும் பெண்கள் கத்தியால்தான் கிழங்குத் தோலைச் சீவுகிறார்கள். திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவர்களை முதலில் அந்தப் பெண்கள் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார வைக்கட்டும். புராஜெக்ட் தலைப்பை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.